நினைவுப் பொருளை நகையாக்க ரெசினா, கண்ணாடி லாக்கெட்டா, வெள்ளிக் கட்டா?

ஒரு கற்றை முடி, பழைய சட்டையின் துண்டு, காய்ந்த பூ, பால்பல், கையெழுத்துள்ள சீட்டு. இதில் ஏதாவது ஒன்றை நகையாக்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஒரு ரெசின் பாட்டிலைத்தான், அதாவது ஊற்றினால் இறுகித் தெளிந்த பிளாஸ்டிக் போலாகும் திரவம். பட்டறை வேண்டாம், நெருப்பு வேண்டாம், முடித்ததும் பளபளக்கும். ஆனால் அதற்குப் போட்டியாக இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொருளைக் கண்ணாடிக்குள் மூடும் லாக்கெட். மற்றொன்று, அதை வெள்ளியில் கட்டுவது அல்லது அதன் அச்சை மட்டும் வெள்ளியில் எடுப்பது.

எது அழகு என்று பார்த்தால் மூன்றும் சமம்தான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ரெசினுக்குள் போன பொருள் திரும்பி வராது. லாக்கெட்டைத் திறந்து எடுத்துவிடலாம். வெள்ளிக் கட்டின் விளிம்பை நெம்பினால் பெரும்பாலும் பொருள் சேதமில்லாமல் வெளியே வரும். அதனால் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதானா, அதில் பாதியை ஒதுக்கி வைக்க முடியுமா என்பதைத் தீர்மானித்த பிறகு பொருள்களை வாங்கப் போவது நல்லது.

ரெசின்: யூவி ஒரு பக்கம், எபாக்சி ஒரு பக்கம்

இரண்டையும் ஒரே பெயரில் விற்றாலும் இவை வேறு வேறு சரக்கு.

யூவி ரெசின், புற ஊதா விளக்கில் இறுகும், கலக்கத் தேவையில்லாத ஒற்றைத் திரவம். 365 முதல் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள விளக்கின் கீழ் வைத்தால் 2 முதல் 5 நிமிடத்தில் இறுகும். ஒரு அடுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தடிமனாக ஊற்றினால் மேல்புறம் மட்டும் இறுகி அடிப்புறம் குழைவாக நிற்கும். இறுகும்போது வெளியாகும் சூடும் ஒரே இடத்தில் சேர்ந்து குமிழி கிளப்பும். கூடவே ரெசின் சுருங்கி, சட்டத்தின் ஓரத்திலிருந்து விலகும். பென்டன்ட் ஓரத்தில் வெள்ளிக்கோடு போல ஒரு பிளவு தெரிந்தால் காரணம் இதுதான்.

யூவியின் பெரிய பலவீனம் நிழல். ஒளி படாத இடத்தில் அது இறுகவே இறுகாது. பொத்தான், நாணயம், அடர்த்தியான துணி இவற்றின் அடியில் சிக்கிய ரெசின் மாதக்கணக்கில் திரவமாகவே இருந்து, ஒருநாள் ஓரமாகக் கசிந்து தோலில் படும். சிலிக்கான் அச்சு ஒளி ஊடுருவக் கூடியதாக இருந்தால் திருப்பிப் போட்டு அடியிலிருந்தும் விளக்குக் காட்டலாம். உலோக அடித்தகடுள்ள சட்டத்தில் அதற்கு வழியில்லை. அங்கே ஒளி புகாத பொருளுக்கு யூவி வேண்டாம்.

விளக்கிலிருந்து எடுத்த பிறகும் மேற்பரப்பு பிசுபிசுத்தால் பயப்பட வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்படலத்தை முழுதாக இறுக விடாமல் தடுக்கிறது. இன்னும் சில நிமிடம் விளக்கில் வைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். அப்படியும் போகவில்லை என்றால் விளக்கு பலவீனம், அல்லது அடுக்கு தடிமன்.

எபாக்சி இரண்டு பாட்டில்: ரெசினும், அதை இறுக வைக்கும் ஹார்டனரும். வெளிச்சம் இதற்குப் பொருட்டில்லை. கலந்த அளவு சரியாக இருந்தால் பொருளின் அடியிலும் இறுகும். இங்கே எல்லாக் கோளாறும் அளவில்தான். பாட்டிலில் 2:1 என்று போட்டிருந்தால் அது கன அளவா, எடையா என்று பாருங்கள். ஒரு எடுத்துக்காட்டு: ரெசின் மில்லிலிட்டருக்கு 1.1 கிராம், ஹார்டனர் 0.95 கிராம் என்றால், கன அளவில் 2:1 என்பது எடையில் ஏறத்தாழ 100:43. தராசில் 100:50 என்று நிறுத்தால் ஹார்டனர் கூடிப்போகும். ‘ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும்’ என்பது தப்புக் கணக்கு. கூடினாலும் குறைந்தாலும் ரெசின் ரப்பர் மாதிரி நின்றுவிடும்.

நகை வேலையில் இன்னொரு சிக்கல், தேவைப்படும் அளவே மிகச் சிறியது. 25 × 18 மில்லிமீட்டர் நீள்வட்டச் சட்டம், 3 மில்லிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். நிரப்ப வேண்டியது சுமார் 1 மில்லிலிட்டர்தான். 1:1 சரக்கில் இரண்டிலும் அரை அரை மில்லிலிட்டர் எடுத்தால், கை 0.1 மில்லிலிட்டர் பிசகினாலே 20 சதவீதப் பிழை. 10 மில்லிலிட்டர் கலக்கும்போது அதே பிசகு 2 சதவீதம்தான். அதனால் ஒற்றைப் பென்டன்ட்டுக்கும் 10 மில்லிலிட்டருக்குக் குறையாமல் கலக்க வேண்டும். மீதி வீணாகப் போகட்டும், அல்லது ஒரே நாளில் பல துண்டுகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கலக்கும்போது 3 முதல் 5 நிமிடம், மெதுவாக, கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். பிறகு வேறொரு கோப்பைக்கு மாற்றி இன்னொரு நிமிடம். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டிய கலவாத ரெசினைச் சுரண்டி ஊற்றினால் அந்தத் துளி விழுந்த இடம் மட்டும் காயாமல் பிசுபிசுக்கும். அறை 21 முதல் 25 டிகிரி இருந்தால் நல்லது. குளிர்ந்திருந்தால் ரெசின் கெட்டியாகிக் குமிழி மேலே வராது. ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று படரும். மேசை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து இறுகியதைப் பிறகு உப்புத்தாளால் சரிசெய்வது பெரும்பாடு. ஊற்றியதும் தூசி விழாமல் பெட்டியால் மூடி 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். முழு உறுதி வர 3 முதல் 7 நாள் ஆகும். மறுநாளே சங்கிலியில் மாட்டினால் விரல்ரேகை பதிந்துவிடும்.

ஆக, ஒளி உள்ளே போகக்கூடிய சின்ன, மெல்லிய பொருள் ஒன்றே ஒன்று என்றால் யூவி. பொத்தான், பல், துணி போன்ற கனமான பொருள்களுக்கும், ஒரே தடவையில் பல துண்டுகள் செய்வதற்கும் எபாக்சி. வெயில் பட்டால் இரண்டும் காலப்போக்கில் மஞ்சளாகும். புற ஊதாத் தடுப்பான் சேர்த்த சரக்கில் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். நகைக்கு விற்கும் எபாக்சிகளில் பல 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் அந்தச் சூடு சர்வசாதாரணம்.

இறுகாத ரெசின் தோலில் படவே கூடாது. இன்று ஒன்றும் செய்யாதது தொடர்ந்து பட்டால் ஒவ்வாமையாக மாறும், மாறிய பிறகு ஆயுளுக்கும் விடாது. கைக்கு நைட்ரைல் உறை போதும், லேடக்ஸ் உறை போதாது. காய்ந்ததை உரசும்போது தண்ணீர் தொட்டு உரசுங்கள், முகக்கவசமும் போடுங்கள்.

ரெசினுக்குள் போனதும் பொருளுக்கு என்ன ஆகிறது

அனுபவப்பட்டவர்கள் நிதானிக்கும் இடம் இது. நரைமுடியும் வெளிர்நிற முடியும் ரெசினில் மறைந்துபோகும். முடியின் கெரட்டினும் இறுகிய எபாக்சியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைக்கின்றன. இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் 1.55ஐ ஒட்டியே வரும். வெளியே வெள்ளையாகத் தெரிந்தது முடிக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டால்தான். காற்றிருந்த இடத்தை ரெசின் நிரப்பியதும் அந்த வெள்ளை போய், வெறும் கீறல் போன்ற கோடுகள்தான் மிஞ்சும். பருத்தித் துணிக்கும் இதே கதி. வெள்ளைத் துணி ஈரமானது போல ஊடுருவித் தெரியும், அடியிலுள்ள உலோகத் தகடு பல்லிளிக்கும். கருமுடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளிர்நிறப் பொருளை ரெசினில்தான் போட வேண்டும் என்றால் பின்னால் அடர் நீலமோ கறுப்போ ஒரு தளம் கொடுங்கள். அதற்கும் முன்னால் ஒரே ஒரு இழையை எடுத்துத் தனியாகச் சொட்டு விட்டுப் பாருங்கள்.

முடியை ஊற்றுவதற்கு முன் மிதமான சோப்பில் அலசி, நன்றாகக் காயவிட்டு, ஆல்கஹாலில் ஒருமுறை முக்கியெடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் ரெசின் ஒட்டாமல் முடியைச் சுற்றி வெள்ளிக் குழாய் போல ஒரு வெற்றிடம் தெரியும். நுனியை நூலால் கட்டி, தனிக் கோப்பையில் கொஞ்சம் ரெசினில் ஊறவிட்டு, இழைகளுக்கு நடுவிலுள்ள காற்றை ஊசியால் நீவி எடுத்த பிறகு சட்டத்தில் வையுங்கள். காய்ந்த கற்றையை அப்படியே வைத்து மேலே ஊற்றினால் குமிழிகள் அதற்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

காகிதம் ரெசினை உறிஞ்சி எண்ணெய்த்தாள் ஆகிவிடும், பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். பிவிஏ பசையை (வெள்ளைப் பசை) இரு பக்கமும் 2, 3 பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது என்று பூசுங்கள். பலர் தவறவிடுவது வெட்டு விளிம்பு: முதலில் உருவத்துக்கு வெட்டிக்கொண்டு, பிறகு விளிம்போடு சேர்த்துப் பூச வேண்டும். பூசிவிட்டு வெட்டினால் அந்த வெட்டு வழியாகவே ரெசின் ஊறும். பேனா மை, இங்க்ஜெட் அச்சு இரண்டும் பசையின் ஈரத்திலேயே கரையக்கூடும். மூலச் சீட்டைத் தொடாமல், ஸ்கேன் செய்து லேசர் அச்சில் எடுத்த நகலைப் போடுவதே புத்திசாலித்தனம்.

பூவுக்கு வேண்டியது முழு உலர்வு. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்தால் நடுத்தரப் பூவுக்கு 5 முதல் 7 நாள். புத்தகத்தில் அழுத்தினால் 2 முதல் 4 வாரம். இதழைத் தொட்டால் சரசரக்க வேண்டும், வளைத்தால் முறிய வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் ரெசினுக்குள் பழுப்பேறும். சிவப்பு ரோஜா கறுத்துப் போகும், வெள்ளைப் பூ ஊடுருவித் தெரியும். இதை எப்படிச் செய்தாலும் தவிர்க்க முடியாது. தாய்ப்பாலை அப்படியே ஊற்றவே கூடாது. நீரை நீக்கிப் பொடியாக்கிய பிறகுதான். இல்லையென்றால் கெட்டு மஞ்சளாகும். சாம்பல் எளிது: நன்றாகச் சலித்து, மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

கண்ணாடி லாக்கெட்

பிரின்ஸ் ஆல்பர்ட் 1861ல் இறந்த பிறகு விக்டோரியா அரசி துக்க நகைகளை அணிந்துவந்தார். அந்த நூற்றாண்டில் இறந்தவரின் முடியைக் கண்ணாடிக்கோ படிகத்துக்கோ கீழே வைத்து மோதிரமும் ப்ரூச்சும் செய்வது பெரிய வழக்கமாக இருந்தது. அந்த நகைகளில் பலவற்றில் முடி இன்றும் நிறம் மாறாமல் இருக்கிறது. ரெசின் நகைக்கு இத்தனை வருடச் சான்று கிடையாது. ‘நீண்டநாள் நிலைக்க ரெசின்’ என்று விளம்பரம் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

நரைமுடி, வெள்ளைத் துணி, மூலக் கடிதத் துண்டு, பழைய புகைப்படம் இவை எல்லாவற்றுக்கும் லாக்கெட்டே முதல் தேர்வு. சுற்றிலும் காற்று இருப்பதால் நிறம் அப்படியே தெரியும். உள் ஆழம் 3 முதல் 5 மில்லிமீட்டர் உள்ளதாக, கண்ணாடி இரண்டும் திருகிலோ கீலிலோ பிடிக்கும் வகையாகப் பாருங்கள். காந்தத்தில் மூடுவது வேண்டாம், சட்டையில் மாட்டி இழுபட்டால் திறந்துகொள்ளும்.

பொருத்தும் வேலை அரைமணிக்குள் முடிந்துவிடும், தயாரிப்புக்குத்தான் பொறுமை வேண்டும். உள்ளே போகும் பொருளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் குளிரில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும், பிறகு பூஞ்சை வரும். கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்தபின் வெறும் விரலால் தொடாதீர்கள். முடியை அமிலமற்ற தாளில் மெல்லிய நூலால் தைத்து வைப்பது நல்லது. பசை வேண்டுமென்றால் கோதுமை மாவுப் பசை ஒரு புள்ளி போதும். செலோடேப், ரப்பர் வளையம் இரண்டும் வருடங்களில் மஞ்சள் கறையை விட்டுப் போகும். புகைப்படமாக இருந்தால் அதன் முகம் கண்ணாடியைத் தொடக் கூடாது. ஈரம் பட்டால் படத்தின் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு ஒட்டி, பிரிக்கும்போது உரிந்து வரும். ஒரு மில்லிமீட்டர் அட்டையில் வளையம் வெட்டி நடுவில் கொடுத்தால் தப்பிக்கலாம்.

குறை என்னவென்றால் தண்ணீர் புகும். குளிக்கும்போது கழற்றித்தான் ஆக வேண்டும். திருகு நாளாக நாளாகத் தளரும். ஓரத்தைப் பசையால் அடைத்துவிடலாமே என்று தோன்றும். அடைத்தால் திறக்கக் கூடிய நகையைத் திறக்க முடியாததாக்கிவிடுகிறோம். விளிம்பில் மெழுகை மெல்லிய கோடாகத் தேய்த்தால் தெறிக்கும் தண்ணீரை ஓரளவு தடுக்கும், நகத்தால் சுரண்டி எடுத்தும் விடலாம்.

குவிந்த கண்ணாடிக் கல்லைப் படத்தின் மேல் ஒட்டும் வகையும் கண்ணாடி என்றே விற்கப்படுகிறது. பசை காய்ந்த பிறகு பிரிக்க முடியாது என்பதால் இது ரெசின் கணக்கில் சேரும். சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகை போலப் படியும். தெளிவாகக் காயும் நகைப்பசையில் ஒரு துளி நடுவில் விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியே தள்ளுங்கள்.

வெள்ளி: பொருளைக் கட்டுவதும், அச்சை எடுப்பதும்

பொத்தான், கூழாங்கல், உடைந்த பீங்கான் சில்லு, வளையல் துண்டு போன்ற கெட்டியான பொருள்களுக்கு ரெசின் தேவையே இல்லை. சுற்றிலும் சுவர் எழுப்பி விளிம்பை மடித்துக் கட்டினால் பொருளைக் கையால் தொட்டே உணரலாம். கருவிச் செலவும் கைப்பழக்கமும் கூடுதலாக வேண்டும் என்பதால் புதிதாக வருபவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் தினசரி உடுப்போடு அணிய இதைவிட உறுதியான வழி கிடையாது.

0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள 999 (சுத்த) வெள்ளிப் பட்டை சுவருக்கு, 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தகடு அடிக்கு. பட்டையின் நீளம்: பொருளின் விட்டத்தோடு பட்டையின் தடிமனைக் கூட்டி 3.14ஆல் பெருக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் பொத்தானுக்கு 18.3 × 3.14, அதாவது சுமார் 57.5 மில்லிமீட்டர். உயரம், பொருளின் அகலமான இடத்தைத் தாண்டி அரை முதல் ஒரு மில்லிமீட்டர். அதிகமானால் மடிக்கும்போது சுருக்கம் விழும், குறைந்தால் பொருள் நழுவும்.

முனைகளை இடைவெளி தெரியாமல் சேர்த்து, பற்றாசு ஓட உதவும் வெங்காரம் தடவி, உருகுநிலை கூடிய பற்றாசில் (உருகி உலோகங்களை ஒட்டும் கலவை) முதல் இணைப்பு. பிறகு அடித்தகட்டோடு அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசு. நெருப்பைத் தகட்டின் பக்கமே காட்டுங்கள், மெல்லிய சுவரில் நேராகக் காட்டினால் பற்றாசு ஓடுவதற்கு முன் சுவர் உருகிவிடும். வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் சுத்தம் செய்யும்போது இரும்புச் சாமணத்தை உள்ளே விட்டால் வெள்ளியின் மேல் செம்பு படியும். செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கி பயன்படுத்துங்கள். கடைசியில் சமையல் சோடா நீரில் அலசி நன்றாகக் காயவிட வேண்டும். மூலையில் தங்கிய அமிலம் பின்னால் கசிந்து துணியையோ எலும்பையோ கறையாக்கும். வளையம், மெருகு எல்லாம் முடிந்த பிறகே நினைவுப் பொருள் உள்ளே போகும். விளிம்பை மடிக்கும்போது மேல், கீழ், இடம், வலம் என்று எதிரெதிராக அழுத்தி வர வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றிவந்தால் கடைசியில் மிஞ்சிய உலோகம் மடிப்பாக எழும்பும்.

நெருப்பு வைக்க வசதியில்லை என்றால் ரிவெட் (இரு முனையையும் தட்டிப் பரப்பிய கம்பி ஆணி) போடலாம். 1 மில்லிமீட்டர் கம்பிக்கு அதே அளவு துளை, இருபுறமும் அரை மில்லிமீட்டர் நீட்டி விட்டு, சின்னச் சுத்தியால் லேசாகப் பல தட்டு. துணியையும் தோலையும் இரண்டு தகட்டுக்கு நடுவில் பிடிக்க இது நன்றாக வரும்.

பால்பல்லை மட்டும் சுவரில் இறுக்காதீர்கள், விரிசல் விடும். தண்ணீரில் நனைத்தபடி மெதுவான வேகத்தில் வேர்ப்பக்கம் 0.8 மில்லிமீட்டர் துளையிட்டு, கம்பி முளையில் எபாக்சிப் பசை தொட்டு நிறுத்துவதே சரி. நாணயத்தைத் துளைப்பது சில நாடுகளில் சட்டப்படி குற்றம், அதனால் துளைக்காமல் சுவர் கட்டுங்கள். நிக்கல் கலந்த நாணயத்தின் பின்பக்கம் திறந்து தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரும். பின்தகடு மூடியதாக இருக்கட்டும்.

அச்சு எடுப்பது தனி வகை. குழந்தையின் விரல்ரேகை, லேஸ் துணியின் பின்னல், இலை நரம்பு இவற்றுக்கு மூலப்பொருள் நகைக்குள் போகவே வேண்டாம். இரு பாகச் சிலிக்கான் மாவைச் சம அளவில் பிசைந்து அழுத்தினால் சில நிமிடத்தில் அச்சு தயார். அதில் வெள்ளி மெட்டல் கிளேயை (வெள்ளித்தூள் கலந்த களிமண் போன்ற பொருள்) அழுத்தி எடுத்து, முழுவதும் காயவைத்துச் சுட வேண்டும். வகையைப் பொறுத்து 650 டிகிரியில் அரைமணியிலிருந்து 900 டிகிரியில் 2 மணி நேரம் வரை. இன்றைய வகைகள் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம் சுருங்கும். 18 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 20 மில்லிமீட்டரில் செய்யுங்கள். குறைவாகச் சுட்டால் பார்வைக்கு வெள்ளிதான், ஆனால் வளைத்தால் பிஸ்கட் போல முறியும். ரேகையின் மேடுகள் மெல்லியவை என்பதால் அதன் மேல் அரமோ உப்புத்தாளோ படக் கூடாது. கந்தகக் கரைசலில் கறுக்க வைத்து மேட்டை மட்டும் துடைத்தால் ரேகை எடுப்பாகத் தெரியும்.

பழைய நகையையே உருக்கிப் புதிதாக வார்ப்பதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். உலோகம் பழையதாக இருக்கும், உருவம் போய்விடும். பழைய பற்றாசும் சேர்ந்து உருகுவதால் வார்ப்பு நொறுங்கக்கூடும். புது உலோகம் பாதிக்குப் பாதி கலக்க வேண்டிவரும்.

எங்கே அணியப் போகிறீர்கள்

பென்டன்ட்டுக்கு மூன்று வழியும் ஒத்துவரும். மோதிரமும் கைச்சங்கிலியும் மேசையிலும் கதவிலும் இடிபடுபவை. ரெசின் மேற்பரப்பு சில வாரத்திலேயே மங்கும். 1000, 2000 எண் உப்புத்தாளால் ஈரத்தோடு உரசி மெருகேற்றினால் மீளும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். லாக்கெட் மோதிரத்தில் கண்ணாடி விளிம்பு சில்லு தெறிக்கும். மோதிரம்தான் வேண்டும் என்றால் வெள்ளிச் சுவர், அதுவும் பொருளின் மேற்பரப்பைவிடச் சற்றே உயர்ந்த விளிம்போடு. காதணிக்கு எடை பாருங்கள். கனமானால் நாள் முழுதும் அணிவது சிரமம், அங்கே ரெசினுக்குத்தான் அனுகூலம். எதில் செய்தாலும் தொங்கும் வளையத்தைக் கவனியுங்கள்: வெறுமனே நெருக்கி மூடிய மெல்லிய வளையம் இழுபட்டால் வாய் திறக்கும், நகை எங்கே விழுந்தது என்றே தெரியாது. 0.8 மில்லிமீட்டருக்குக் குறையாத கம்பியில் செய்து, பொருள் உள்ளே போவதற்கு முன்பே பற்றவைத்துவிட வேண்டும்.